ரோந்தில் நிறுத்தி மொபைலில் முகத்தைப் படம் எடுத்தால்: சட்டம் என்ன சொல்கிறது, எதை எழுதிக் கேட்கலாம்?

சைக்கிள்மணி எழுதியது:

இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. தமிழ்நாட்டில் இப்போது ரோந்தில் நிறுத்தினால் பெயர், ஊர், எங்கே வேலை என்று கேட்டுவிட்டு மொபைலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு படம் எடுக்கிறார்கள். திரையைப் பார்த்துவிட்டு "சரி, கிளம்பு" என்கிறார்கள். எஃப்.ஆர்.எஸ் என்கிற இந்த முக அடையாளச் செயலி பற்றித்தான் அறிக்கை.

வாட்ஸ்அப்பில் இரண்டு ஃபார்வர்டு சுற்றுகிறது. "படம் எடுக்கப் போலீசுக்கு அதிகாரமே கிடையாது, தைரியமாக மறுத்துவிடுங்கள்" என்பது ஒன்று. "2022 சட்டப்படி யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், மறுத்தால் உள்ளே போக வேண்டியதுதான்" என்பது இன்னொன்று. எதை நம்பி அச்சடிப்பது?

தெரிய வேண்டியவை: இதில் எது சரி? எடுத்த படம் எங்கே போகிறது, அழிக்கச் சொல்ல முடியுமா? செயலி "பொருந்துகிறது" என்று காட்டிவிட்டால் அதற்கு எவ்வளவு மதிப்பு? யாருக்கு, என்ன எழுத வேண்டும்? பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது. பழைய சட்டம், புதிய சட்டம் என்று எண்கள் மாறியதில் தலை சுற்றுகிறது.

---

வாய்தா_மதுரை எழுதியது:

இரண்டு ஃபார்வர்டுமே அரைகுறை. இரண்டாவது சொல்லும் சட்டத்தையே முதலில் பார்த்துவிடுவோம்.

குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம், 2022. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. கைரேகை, உள்ளங்கை ரேகை, கருவிழி, கையெழுத்து என்று நீளும் "அளவீடுகள்" பட்டியலில் புகைப்படமும் உண்டு. ஆனால் யாரிடம் எடுக்கலாம் என்பதை 3-ஆம் பிரிவு வரையறுத்துவிட்டது: தண்டனை பெற்றவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர், ஒரு குற்றத்துக்காகக் கைதானவர், தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர். இவர்கள் தவிர வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமென்றால் 5-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மறுத்தால் குற்றம் என்கிற 6-ஆம் பிரிவு, இந்தச் சட்டப்படி கொடுக்கக் கடமைப்பட்டவருக்குத்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் இந்த நான்கு வகையில் எதிலும் வரமாட்டார். இந்தச் சட்டத்தைக் காட்டி அவரைப் படம் எடுக்க முடியாது.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. இந்தச் சட்டத்தில் "போலீஸ் அதிகாரி" என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி, அல்லது தலைமைக் காவலருக்குக் குறையாதவர். இரண்டாம் நிலைக் காவலர் கையில் மொபைல் இருக்கிறது என்பதற்காக அவருக்கு அளவீடு எடுக்கும் அதிகாரம் வந்துவிடாது.

போராட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். ஆர்ப்பாட்டத்தில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து சாயங்காலம் விடுவார்களே, அங்கே வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால் 2022 செப்டம்பரில் வந்த விதிகளைச் சொல்லலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144, 145 தடையை மீறியவரிடமும் 151-இல் முன்னெச்சரிக்கையாகப் பிடிக்கப்பட்டவரிடமும், வேறு குற்றத்தில் கைதோ குற்றச்சாட்டோ இல்லாதவரை அளவீடு எடுக்கக் கூடாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் கணக்கில் இப்போது 144 என்பது 163, 145 என்பது 164, 151 என்பது 170.

சரி, அப்படியானால் முதல் ஃபார்வர்டு சரியா? ஏட்டில் சரி, ரோட்டில் ஆபத்து. பிஎன்எஸ்எஸ் 172-ஐக் காட்டுவார்கள். போலீசின் சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், மறுப்பவரைப் பிடித்து வைக்கலாம், அற்ப விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்கிற பிரிவு அது. "சட்டப்படியான" கட்டளைதானா என்பதை நடுராத்திரி ஒரு மணிக்குத் தீர்மானிக்கப்போவது நீதிபதி அல்ல, எதிரே நிற்கிறவர். கையால் முகத்தை மறைப்பது, மொபைலைத் தட்டிவிடுவது இதெல்லாம் நடந்தால் பிஎன்எஸ் 132 போட்டுவிடுவார்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் பலப்பிரயோகம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 353, இப்போது அதற்குப் பதில் பிஎன்எஸ். ஜாமீனில் விட முடியாத பிரிவு. படத்துக்காக அந்த வழக்கைச் சம்பாதிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

"சார், எந்தச் சட்டப்படி எடுக்கிறீர்கள்? என் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல் கேட்கலாம். "எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கவில்லை" என்று சொல்லிவிடலாம். பெயர்ப்பட்டையைப் பார்த்துக்கொள்ளவும். நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றை வீடு போனதும் எழுதி வைக்கவும். சண்டை எல்லாம் பிறகு தாளில்.

அரசியல் சட்டப் பக்கம்: 2017 ஆகஸ்ட் 24 புட்டசாமி தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும். பிறகுதான் நோக்கம் சரியா, அளவு மீறாததா என்ற கேள்விகள். முக அடையாளத் தேடலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் நாடு தழுவிய திட்டத்துக்கு டெண்டர் விட்டபோது இணையச் சுதந்திர அறக்கட்டளை நோட்டீஸ் அனுப்பியது. சட்ட அடிப்படையாக அங்கிருந்து காட்டப்பட்டது 2009-ஆம் ஆண்டு மந்திரிசபைக் குறிப்பு! மந்திரிசபைக் குறிப்பு சட்டமாகாது என்பது முதலாண்டு சட்ட மாணவருக்கும் தெரியும்.

நேரடியாக இந்த விவகாரத்தைத் தொடும் வழக்கு தெலங்கானாவில். 2021 ஊரடங்கில் ஹைதராபாத் செயல்பாட்டாளர் எஸ்.கியூ. மசூதை நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் போட்ட பொதுநல வழக்கில் 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிடுகிறவர்கள் 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தொலைபேசி ஒட்டுக்கேட்புத் தீர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளலாம். தந்திச் சட்டம் 5(2)-இல் பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்று இரண்டு சொல் இருக்கிறது, சாதாரணமாகக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்பது அதில் வராது என்று 2011 உத்தரவை ரத்து செய்தார். சட்டம் இருக்கும் இடத்திலேயே இவ்வளவு கறார் என்றால், சட்டமே இல்லாத இடத்தில் அரசு என்ன பதில் சொல்லும்?

---

பிக்சல்ராசு எழுதியது:

சட்டத்தை அவர் முடித்துவிட்டார். படம் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன்.

செயலி படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. முகத்தைக் கண்டுபிடித்து நேராக்கி, ஒரு நியூரல் நெட்வொர்க் வழியாக எண்களின் வரிசையாக மாற்றுகிறது. வழக்கமாக 512 எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட், ஆக ஒரு முகம் 2 கேபி. ஒரு கோடி முகம் 20 ஜிபி. பென்டிரைவில் சட்டைப் பைக்குள் போய்விடும். "பெரிய சர்வரில் பத்திரமாக இருக்கிறது" என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நீங்கள் "அழியுங்கள்" என்று கேட்டால் எதை அழிக்க வேண்டும் என்று தெரிந்து கேட்க வேண்டும். குறைந்தது நான்கு இடம். எடுத்த மொபைலின் கேலரி அல்லது கேச். சர்வரில் தேடல் பதிவு, அதாவது யார் ஐடி, எத்தனை மணி, எந்த இடம், எந்தப் படம். படத்திலிருந்து உருவான எண் வரிசை, அதைத்தான் டெம்ப்ளேட் என்பார்கள். கடைசியாக பேக்கப். படத்தை மட்டும் அழித்து டெம்ப்ளேட்டை விட்டால் தேடல் தொடர்ந்து நடக்கும். டெம்ப்ளேட்டை அழித்துப் படத்தை விட்டாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி உருவாக்கிவிடலாம். அல்காரிதம் மாறும்போதெல்லாம் பழைய டெம்ப்ளேட் செல்லாக்காசு, மூலப் படத்திலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் இந்த மாதிரி அமைப்பு நடத்துகிற எவரும் மூலப் படத்தை விடவே மாட்டார்கள். நெட்வொர்க் இல்லை என்று படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்டுவிட்டால் கதை முடிந்தது, அதற்கு அழிப்பே கிடையாது.

பத்திரம் பற்றி: 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் எஃப்.ஆர்.எஸ் தளத்துக்குள் வெளியாள் புகுந்தது செய்தியானது. நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் திருடப்பட்டதாகக் காவல்துறையே விளக்கம் கொடுத்தது. கடவுச்சொல் போனால் மாற்றலாம். முகம் போனால்?

இனி "பொருந்துகிறது" என்பதன் மதிப்பு. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். திரையில் 82% என்று வந்தால் "இவன்தான் என்பதற்கு 82 சதவீத வாய்ப்பு" என்று படித்துவிடுகிறார்கள். அது வாய்ப்பு அல்ல. இரண்டு எண் வரிசைக்கும் உள்ள நெருக்கம், அவ்வளவே. அந்த நெருக்கம் எத்தனைக்கு மேல் போனால் "பொருத்தம்" என்று சொல்ல வேண்டும் என்பது ஒரு செட்டிங். டெல்லி போலீஸ் 2022-இல் தகவல் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ) பதிலில் 80 சதவீதம் என்று சொன்னது. அதற்குக் கீழே வந்தால் பொருத்தமில்லை என்று விட்டுவிடுவார்களா என்றால் அதுவும் இல்லை, வேறு ஆதாரம் தேடி விசாரணை தொடரலாமாம்.

ஒரு கணக்கு போடுவோம். செயலி நல்ல செயலி, இரண்டு வேறு ஆட்களை ஒரே ஆள் என்று தவறாகச் சொல்வது லட்சத்தில் ஒரு தடவைதான் என்று வையுங்கள். போலீஸ் பதிவேட்டில் 6 லட்சம் முகம். உங்கள் முகத்தை அந்த 6 லட்சத்தோடும் ஒப்பிடுகிறது. ஆக ஒரு தேடலுக்குச் சராசரியாக 6 தவறான பொருத்தம், நீங்கள் எந்தக் குற்றமும் செய்யாதவராக இருந்தாலும். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டு மொபைலைத் திறப்பதும், ஒன்றை லட்சக்கணக்கில் ஒப்பிட்டு ஆளைத் தேடுவதும் வேறு வேறு வேலை. விளம்பரத்தில் வரும் 99 சதவீதம் பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றியது.

அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் பல அல்காரிதங்களைச் சோதித்தது. தவறான பொருத்தம் கிழக்கு ஐரோப்பிய முகங்களில் குறைவு, ஆப்பிரிக்க, கிழக்கு ஆசிய முகங்களில் அதிகம், சில அல்காரிதங்களில் நூறு மடங்கு வரைக்கும். தெற்காசிய முகங்கள் அதற்குச் சற்றுக் கீழே. யாருடைய முகங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால்தான் நம் மக்களின் முகத்தில் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

படத்தின் தரம் இன்னொரு சங்கதி. இரண்டு கண்மணிக்கு நடுவே 60 பிக்சலாவது இருந்தால்தான் ஒப்பீடு ஓரளவு நிற்கும், 90 இருந்தால் நல்லது. ரோந்தில் ஒரு மீட்டர் தூரத்தில் எடுக்கும் மொபைல் படத்தில் இது தாராளம். கோளாறு எதிர்ப்பக்கத்தில், பத்து வருடம் முன்பு ஸ்டேஷன் சுவரோரம் எடுத்துச் சுருக்கிச் சேர்த்த படத்தில். தெருமுனை சிசிடிவியில் நிலைமை தலைகீழ்: கம்பத்தின் மேலிருந்து கீழ்நோக்கிய கோணம், கண்மணிக்கு நடுவே 20, 30 பிக்சல், கம்ப்ரஷனில் கரைந்த விளிம்பு, பின்னால் சோடியம் விளக்கு. அதிலிருந்து எடுத்த முகத்தை வைத்து ஒருவரைப் பிடித்தார்கள் என்றால் மூலக் காட்சியைக் கேளுங்கள். பெரிதாக்கிய ஸ்கிரீன்ஷாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

---

ஓய்வு_ஏட்டு எழுதியது:

எல்லாம் ஒரு பக்கமாகவே போகிறது. இந்தச் செயலி வருவதற்கு முன்னால் ராத்திரி சந்தேகப்பட்டால் ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விடியவிடிய உட்காரவைப்பார்கள். இப்போது ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். யாருக்கு லாபம்? காணாமல்போன பிள்ளைகள், அடையாளம் தெரியாத சடலங்கள் இவற்றுக்கும் இதே செயலிதான்.

இன்னொன்று. செயலிக்கு ஒவ்வொரு காவலருக்கும் தனி ஐடி. யார் எப்போது தேடினார் என்பது பதிவாகும். நோட்டில் எழுதிய காலத்தில் இது கிடையாது. அதனால் புகார் எழுதுகிறவர்கள் "போலீஸ்காரர் ஒருவர்" என்று எழுதாமல் நேரமும் இடமும் சரியாக எழுதுங்கள். பக்கத்தில் ஏடிஎம்மோ பெரிய கடையோ இருந்தால் அங்கே பட்டா புத்தகம் தொங்கும். ரோந்து வந்தவர் நேரம் போட்டுக் கையெழுத்திட்டிருப்பார். அன்றைக்கு அந்த பீட்டில் யார் என்பது ஸ்டேஷன் பொது நாட்குறிப்பிலும் இருக்கும். இந்த இரண்டையும் குறிப்பிட்டால் மேலே இருப்பவர் தட்டிக்கழிக்க முடியாது.

---

பிக்சல்ராசு எழுதியது:

ஏட்டு ஐயா, பட்டா புத்தகம் நல்ல யோசனை. சைக்கிள்மணி கட்டாயம் சேர்க்கவும்.

காணாமல்போன பிள்ளைகள் வாதத்துக்கு மட்டும் பதில். டெல்லியில் முதலில் இந்த மென்பொருளை அனுமதித்ததே பிள்ளைகளைத் தேடத்தான். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போலீசே சொன்ன துல்லியம் 2 சதவீதம். அடுத்த ஆண்டு ஒரு சதவீதம்கூட இல்லை, ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றே பிரித்தறியவில்லை என்று மத்திய அமைச்சகம் சொன்னது. அதே மென்பொருளை வைத்துத்தான் பிறகு ஆர்ப்பாட்டக் கூட்டங்களின் வீடியோவில் முகங்களைத் தேடினார்கள். பிள்ளைகளுக்கென்று வாங்கிய கருவி பிள்ளைகளோடு நிற்காது. அதைக் கட்டிப்போட ஒரு சட்டம் இருந்தால் நீங்கள் சொல்லும் நல்ல பயனை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் விடுகிறார்கள் என்பதும் செயலி பச்சை காட்டினால்தான். தவறாகச் சிவப்பு காட்டினால் அதே விடியவிடிய ஸ்டேஷன்தான்.

---

மனுக்காரன் எழுதியது:

யாருக்கு எழுதுவது என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்.டி.ஐ சட்டப்படி இரண்டு மனு, தனித்தனி உறையில். ஒன்றாகப் போட்டால் உங்கள் சொந்த விஷயத்தைக் காட்டி "விசாரணை பாதிக்கும், 8(1)(h)" என்று மொத்தத்தையும் திருப்பிவிடுவார்கள்.

முதல் மனு பொதுவானது. சென்னையில் உள்ள மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன்", "எப்படி நியாயம்" என்று கேட்கவே கூடாது, அது 2(f)-இன்படி தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்:

1. எஃப்.ஆர்.எஸ் செயலியைப் பயன்படுத்த அனுமதித்த அரசாணை, டி.ஜி.பி. சுற்றறிக்கை, செயல்முறை வழிகாட்டி ஆகியவற்றின் நகல்.
2. எந்தெந்தப் பதிவேட்டுப் படங்களோடு ஒப்பிடப்படுகிறது, வகைவாரியாக எண்ணிக்கை. விடுதலையானவர்கள் படம் நீக்கப்பட்டிருந்தால் அதன் எண்ணிக்கை.
3. ஒப்புமை வரம்பு எத்தனை சதவீதம், அதை முடிவு செய்த கோப்பின் நகல்.
4. தேடலுக்காக எடுத்த படத்தையும் அதன் டெம்ப்ளேட்டையும் எத்தனை நாள் வைத்திருப்பது என்ற உத்தரவு.
5. கடந்த நிதியாண்டில் தேடல்கள் எத்தனை, பொருத்தம் காட்டியவை எத்தனை, அதன்பேரில் கைது எத்தனை.
6. துல்லியச் சோதனை அறிக்கை, பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை நகல்.

இரண்டாவது மனு உங்களுடையது. மாவட்டமானால் எஸ்.பி. அலுவலகம், மாநகரமானால் ஆணையர் அலுவலகம். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் எடுத்த என் படம் தொடர்பான தேடல் பதிவின் நகல், அன்றைய பொது நாட்குறிப்பில் அந்த ரோந்து பற்றிய பக்கத்தின் நகல். விசாரணை என்று சொல்லி மறுத்தால் மேல்முறையீட்டில் பகத் சிங் வழக்கைச் சொல்லுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம், 2007. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்பதைக் காட்ட வேண்டும் என்ற தீர்ப்பு.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உளவுப் பிரிவுகள் சிலவற்றுக்கு அரசு 24(4)-இல் விலக்கு கொடுத்திருக்கிறது. அங்கேயும் மனித உரிமை மீறல், ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு விலக்கு கிடையாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். அதன் 17(1)(c) குற்றத் தடுப்பு, புலனாய்வுக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. திருத்தச் சொல்லும், அழிக்கச் சொல்லும் உரிமையும் அதில் போய்விட்டது. மிச்சம் இருக்கும் முக்கியப் பிடி 8(5): தரவைக் கசியவிடாமல் பாதுகாக்கும் கடமைக்கு 17(1)(c)-இல் விலக்கு இல்லை. ஆனால் 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். அதே நாளில் உடனடியாக அமலானது எது தெரியுமா? ஆர்.டி.ஐ 8(1)(j)-ஐ இறுக்கிய 44(3). "தனிநபர் தகவல்" என்றால் இனி அந்த உட்பிரிவில் பொதுநல விதிவிலக்கு இல்லை. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். இதனால்தான் மேலே காவலர் பெயரைக் கேட்காமல் பதிவின் நகலைக் கேட்கச் சொன்னேன்.

ஏற்கனவே வழக்கில் கைதாகி விடுதலையானவர்களுக்கு மட்டும் அழிப்புக்குச் சட்ட வழி இருக்கிறது. 2022 சட்டம் 4-ஆம் பிரிவு பதிவை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. முன்தண்டனை இல்லாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பின் அழிக்க வேண்டும், கோர்ட் வேறு மாதிரி உத்தரவிட்டாலொழிய. அது தானாக நடக்காது. மாநில அரசு நியமித்த ஒருங்கிணைப்பு அதிகாரியிடம் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு மனு கொடுக்க வேண்டும். அவர் வேறு வழக்கு இல்லையென்று சரிபார்த்துத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். ரோட்டில் படம் எடுக்கப்பட்டவருக்கு இந்த வழிகூடக் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கைதானவருக்கு இருக்கும் பாதுகாப்பு சும்மா நடந்துபோனவருக்கு இல்லை.

---

சைக்கிள்மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டா புத்தகத்தை முதல் பக்கத்திலேயே போட்டாயிற்று. மூன்று சந்தேகம் பாக்கி. பொருத்தம் காட்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டால் என்ன செய்ய? படத்தோடு நில்லாமல் போனையும் வாங்கி வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதாகப் பலர் சொல்கிறார்கள், அதற்கு? மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா?

---

வாய்தா_மதுரை எழுதியது:

ஸ்டேஷனுக்குப் போனால்: கைதா, விசாரணையா என்று கேட்கவும். கைதானால் காரணத்தைத் தெரிவித்து, வீட்டுக்கும் சொல்ல வேண்டும். செயலியின் பொருத்தம் சாட்சியம் அல்ல, யாரை விசாரிப்பது என்பதற்கான துப்பு மட்டும். மின்னணுப் பதிவாக அதைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியம் 63(4) சான்றிதழ், ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) வேண்டும். வக்கீல் கவனிக்க வேண்டியது அடையாள அணிவகுப்பு. செயலி காட்டிய படத்தைச் சாட்சியிடம் முன்கூட்டியே காட்டிவிட்டு அணிவகுப்பு நடத்தினால் அதற்கு மதிப்பே இல்லை, சாட்சி ஆளை அல்ல படத்தைத்தான் அடையாளம் காட்டுகிறார். டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் 2020-இல் கைதானது அப்படித்தான்: மங்கலான கடைக் கேமரா, பழைய லைசென்ஸ் படம், பிறகு ஒரு பட வரிசை. 2024-இல் நகர நிர்வாகம் 3 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. முக ஒப்பீட்டை மட்டும் வைத்துக் கைது கூடாது, அதன் முடிவிலிருந்து நேரே பட வரிசைக்குப் போகக் கூடாது என்று எழுதியும் கொடுத்தது.

ஸ்டேஷனில் அடி விழுந்தால் கேமரா உங்கள் பக்கம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கேமரா வைத்து 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு பதிவை வைத்திருக்கச் சொன்னது. ஆனால் தானாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சாத்தான்குளத்தில் ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும் காட்சிகள் அன்றாடம் அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் அறிக்கையே பதிவு செய்தது. வெளியே வந்த அன்றைக்கே "இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவைப் பாதுகாக்கவும்" என்று எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மெயில், தபால் இரண்டும்.

போன்: ரோட்டுச் சோதனையில் சாட்டைத் திறந்து பார்க்க அதிகாரம் இல்லை. தேடுதல் என்றால் பிஎன்எஸ்எஸ் 185-இன்படி காரணத்தை எழுதி வைக்க வேண்டும், 105-இன்படி வீடியோ எடுக்க வேண்டும். பறிமுதல் என்றால் ஐஎம்இஐ எண்ணோடு மகஜர் நகல் கேளுங்கள். கைரேகைப் பூட்டை விட ஆறு இலக்க எண் மேல், விரலைப் பிடித்து வைத்துத் திறக்க முடியாது. நிறுத்துவது தூரத்தில் தெரிந்தால் போனை ரீஸ்டார்ட் செய்து பையில் போடலாம், எண் போடும்வரை கைரேகை வேலை செய்யாது.

---

மனுக்காரன் எழுதியது:

பதிவுத் தபால் என்று தனியாக இப்போது இல்லை, 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் "ஸ்பீடு போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷனோடு" என்று கேட்டு வாங்கவும், டெலிவரி ஆனதற்கான சான்றும் கேட்கவும். ரசீதை மனு நகலின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள், அந்த மை இரண்டு மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ். பதில் வர வேண்டிய 30 நாள் கணக்கு, மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து, நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல.